போன இடமெல்லாம் ஜெயம்

ஜனவரி 1, 2025, புதன்

ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த புது வருட வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். வருடா வருடம் எனக்குப் பொறுமை, தாழ்மை வகையறாதான் வரும். இந்த வருடம் தாவீது ராஜா! அவர் போருக்குப் போன இடமெல்லாம் கர்த்தர் கூடவே இருந்து ஜெயம் கொடுத்தாராம். வீட்டுக்காரருக்கு நாவை அடக்குவது பற்றி வந்தது. "அட்டை மாறி வந்துருச்சு" என்றார். ஜெயிக்கப் போகிறவள் எதற்கு வாய் கொடுக்க வேண்டும்?

ஜனவரி 12

யாரோடு போர் என்று தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் சபையில் பெண்கள் சங்கத் தேர்தல். நான் மருமகளாக வந்த நாள் முதல் செயலாளர் நாற்காலியில் என் நாத்தனார் சௌந்திரம்தான். நங்கை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். ஆனால் கிறிஸ்துமஸ் கேக்கில் எத்தனை முந்திரி என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

எதிர்த்து நிற்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். "எனக்கிருக்கறது ஒரே அக்கா, ஷாலினி." அவ்வளவுதான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஜனவரி 19

தினமும் காலையில் இரண்டாம் சாமுவேல் எட்டாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கிறேன். பெலிஸ்தர், மோவாபியர், சீரியர் என்று தாவீதின் எதிரிகள் வரிசையாக விழுகிறார்கள். நம் சபையில் பாடகர் குழுதான் பெலிஸ்தர். லாரி ஸ்டாண்டுப் பக்கத்து வீடுகள் மோவாப். மோவாபுக்கு அதிரசம் சுட்டு எடுத்துப் போனேன். இரண்டாவது அதிரசத்திலேயே விழுந்துவிட்டது.

ஜனவரி 31

உபவாச ஜெபம். மதியம் பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி போட்டார்கள். தாவீதும் பசித்தபோது சாப்பிட்டவர்தானே?

பிப்ரவரி 9

ஜெயம்! ஒரே ஒரு ஓட்டில்.

நங்கை வந்து கையைப் பிடித்து, "நல்லாச் செய்யி அம்மிணி" என்றார். எதிரிக்கு இவ்வளவு பெருந்தன்மை ஆகாது. வீட்டுக்காரர் பிரியாணி வேண்டாம் என்று ரசம் சாப்பிட்டார்.

பிப்ரவரி 23

இரண்டு ஞாயிறாக நங்கை கோயிலுக்கு வரவில்லை. போனும் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

என் பிரசவத்துக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போட்ட மனுசி அவங்க. அந்தப் பாழாப்போன நாற்காலிய வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நன்றாக அழுதேன்.

பிப்ரவரி 27

செயலாளராக முதல் வேதபாடம் எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த எட்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். இத்தனை நாளில் ஒன்பதாம் அதிகாரத்துக்கு நான் போனதே இல்லை.

அந்தப் போர்களெல்லாம் முடிந்தபின் தாவீது கேட்கிறார்: தன்னைக் கொல்லத் துரத்திய முந்தைய ராஜா சவுலின் வீட்டில் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? தீர்த்துக்கட்ட இல்லை. சவுலுக்கு ஒரு பேரன், நடக்க முடியாதவன். அவனைத் தேடிப் பிடித்துத் தன் பந்தியிலேயே உட்கார வைத்துச் சோறு போடுகிறார். கர்த்தர் தன்னைக் கைவிடவில்லை என்ற நன்றியை அப்படித்தான் காட்டத் தோன்றியிருக்கிறது. ஜெயத்தை எதற்குக் கொடுத்தார் என்பது அடுத்த பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் பக்கத்தைப் புரட்டவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நங்கை பள்ளிபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். கோயில் முடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் போய்க் கையோடு கூட்டி வந்தோம். கோழிக் குழம்பு வைத்தேன். முதல் வாயிலேயே "உப்பு பத்தல" என்றார். உப்பை எடுத்து வைத்தேன்.

"என்னை மன்னிச்சுக்கங்க, நங்கை" என்றேன்.

அவர் எலும்பைக் கீழே வைத்தார். "எதுக்கு? எம் புள்ள ஊட்டுல ஞாயித்துக்கெழம ஒம்பது மணி வரைக்கும் தூங்குனேன். போனை எடுத்தா எவளாச்சும் மீட்டிங்குன்னு கூப்புடுவான்னு எடுக்கல. முழங்கால் போயி எத்தன வருசமாச்சு! அந்த நாற்காலிய ஆராச்சும் வாங்கிக்கிட்டாத் தேவலைன்னு ஆண்டவருகிட்ட அழுவாத நாளில்ல. ஒருத்தியும் வரல. நீதான் வந்தே, சாமி. என் ஓட்டுச் சீட்டுலயும் உம் பேரைத்தான் எழுதுனேன்."

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. போருக்குப் போனது நான். ஜெபம் கேட்கப்பட்டது நங்கைக்கு!

நங்கை தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னொன்னும் கேட்டுட்டிருக்கறேன் அம்மிணி. இனி உன்னை எதுத்து ஆரும் நிக்கக் கூடாதுன்னு."

ஆண்டவர் அவர் கேட்டதைக் கொடுத்துவிடுவார். எனக்கு நன்றாகத் தெரியும்.