பாதை மாறிய கோழிக்கறி

பரந்தன்
02.07.2025

என் அக்காவின் வயிற்றில் உதித்த வீரத் திருமகன் கிருசாந்தனுக்கு,

உன் கடிதம் வந்தது. வாசிக்கும்வரை நலமாகத்தான் இருந்தேன். றிப்னாஸ் சேர் கூடாரம் கட்டுவார், றிப்னாஸ் சேர் ஒரே தீக்குச்சியில் அடுப்பு மூட்டுவார் என்று உங்கள் சாரண ஆசிரியரின் பெயரைப் பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறாய். என் பெயர் கடித உறையில் மட்டும். அதுவும் தபால்காரருக்காக.

வவுனியாவிலிருந்து கனகராயன்குளம்வரை சைக்கிளில் போய், ஓர் இரவு பாசறை போடுவதெல்லாம் ஒரு சாதனையோ? உன் மாமன் பளையிலிருந்து வவுனியாவுக்குச் செயின் இல்லாத சைக்கிளில் போனவன். வழியில் துரத்திய யானை ஓடிக் களைத்து, என்னிடமே தண்ணீர் கேட்டது. றிப்னாஸிடம் எந்த யானையாவது தண்ணீர் கேட்டதுண்டோ? விசாரித்து எழுது.

12ஆம் திகதி சனி மத்தியானம் பாசறைக்கு நானே எழுந்தருளுவேன். ஒரு பெரிய கிடாரம் நிறையக் கோழிக்கறியும் கூட வரும். அதன் வாசத்துக்கு இரணைமடுக் குளமே கரை மீறும்.

இப்படிக்கு, உன் ஒரே தாய்மாமன்,
சின்னராசா மகாப்பிரபு


பாடசாலை விடுதி, வவுனியா
07.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யானைக் கதையைச் சேரிடம் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்.

மாமா, தயவுசெய்து வராதேங்கோ. இந்தமுறை எங்கள் அணிக்கு நான்தான் தலைவன். அணி அணியாக நாங்களே சமைத்துச் சாப்பிடவேண்டும். வெளிச் சாப்பாடு ஒரு பிடி வந்தாலும் சிறந்த அணிக்கான கொடி இல்லை. மூன்று மாதமாக அந்தக் கொடிக்காகத்தான் பாடுபடுகிறோம். கோபிக்காதேங்கோ.

அன்பு மருமகன்,
கிருசாந்தன்


வவுனியா
14.07.2025

மாமா,

எங்கள் சோறு அடிப்பிடித்துக் கிடந்த நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிளில் கிடாரத்தோடு வந்து இறங்கினீங்கள். "பொடியள், உந்தக் கரியை விட்டிட்டு என்ரை கறியைத் தின்னுங்கோ!" என்று கத்தினீங்கள். எங்கள் அணி அனோஜன் சாப்பாட்டுக் கோப்பையோடு ஓடினான். நான் மறித்தேன். அதற்குள் சேர் வந்துவிட்டார்.

"கிருசாந்தன், ஆர் இவர்? உம்மடை ஆளோ?"

"தெரியாது சேர்" என்றேன்.

அது உங்கள் காதில் விழுந்தது. என்னை ஒருதரம் பார்த்தீங்கள். பிறகு, "மன்னிக்கோணும் சேர். இது கலியாண வீட்டுக் கறி. பாதை மாறி வந்திட்டன்" என்று சொல்லிக் கிடாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனீங்கள்.

கொடி எங்களுக்குத்தான் கிடைத்தது. ஞாயிறு காலை அதைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "அவர் என்ரை சொந்த மாமா, சேர். நான் பொய் சொன்னனான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கொடி மற்ற அணிக்குப் போனது. என் தலைமையும் போனது. வவுனியாவரைக்கும் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஏசியாவது ஒரு கடிதம் போடுங்கோ.

கிருசாந்தன்


பரந்தன்
18.07.2025

கிருசாந்தா,

ஏச எனக்கு வாயில்லை. நீ வேண்டாம் என்று எழுதியும் வந்தவன் நான். உன் கூட்டாளிகள் முன்னால் றிப்னாஸை வெல்லத்தான் வந்தேன். கோழியைக்கூடக் கச்சு முகம்மதுவின் கடையில்தான் ஹலாலாக அறுப்பித்தேன். றிப்னாஸும் ஒரு துண்டு தின்று என்னிடம் தோற்கவேண்டும் என்று ஆசை.

"தெரியாது" என்றாய். சுட்டது. ஆனாலும், கண் வெட்டாமல் பொய் சொல்கிறான், இவன் என் மருமகன்தான் என்று ஒரு ஆறுதல் இருந்தது. அதையும் ஞாயிற்றுக்கிழமை கெடுத்துவிட்டாய். கையில் கிடைத்த கொடியைத் திருப்பிக் கொடுக்கிற குணம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. கொம்மாவாகிய என் அக்காவிடம் இல்லை. என்னிடம் அறவே இல்லை. அப்படியென்றால் அது உன் றிப்னாஸ் சேரிடமிருந்து வந்ததுதான். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பொறாமை.

ஓகஸ்ட் லீவுக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வா. நானே சமைத்துப் போடுகிறேன்.

சாப்பிட இருக்கும்போது மட்டும் எனக்குப் பக்கத்தில் இரு. அவருக்குப் பக்கத்தில் இராதே.

மாமா