பெயரில் ஒட்டிய சொல்

பிப்ரவரி 3, வியாழன்

கலாச்சார மன்றத்தின் மைக் இன்றும் கூவியது. ஒயரைப் பிடித்துக்கொண்டு மேடையடியில் குனிந்திருந்தபோது இயக்குநர் வந்தார். மார்ச்சில் சமத்துவ வாரம் நடத்தப் போகிறார்களாம். நிறப் பாகுபாட்டுக்கு எதிராகத் தீவு முழுக்கக் கூட்டம், இலவச வக்கீல், வேலை ஆலோசனை, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி.

"ஃபர்ஜானி, நீ மேடையில உட்காரணும்."

"அப்ப மைக்க யாரு பாத்துக்கறது?"

"அதையும் நீதான்."

சிரித்தேன். வேறென்ன செய்வது? இந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கும் ஒரே கறுப்பன் நான். சமத்துவம் வேண்டுமென்றால் என்னைத்தான் தூக்கி மேடையில் வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு நல்லது உண்டு. இலவச வக்கீல். என் மனைவி ருகய்யாவுக்கு மே மாதம் பிரசவம். அதற்குள் அந்தச் சொல்லை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 9

இலவச வக்கீல் மேசையை மட்டும் இப்போதே போட்டுவிட்டார்கள், முதல் ஆளாகப் போனேன். வக்கீல் அனீஸ், சின்ன வயது, நல்ல பையன். அடையாள அட்டையைக் கொடுத்தேன். வாய்விட்டுப் படித்தான்: "ஃபர்ஜானி அத்தீக் பின் மஹ்ரூஸ்."

உடனே இருமல் வந்துவிட்டது அவனுக்கு.

அத்தீக் என்றால் விடுவிக்கப்பட்டவன். பின் மஹ்ரூஸ் குடும்பத்தால் விடுவிக்கப்பட்டவன். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பனை விடுவித்திருக்கிறார்கள், அது இன்னமும் ரசீது மாதிரி என் சட்டைப்பையில் இருக்கிறது. பிறக்கப் போகிற பிள்ளையையும் யாரோ விடுவித்ததாக எழுதுவார்கள். வயிற்றில் இருக்கும்போதே அது யாருக்கு அடிமையாக இருந்தது?

"அந்த ஒரு சொல்ல எடுக்கணும், அவ்வளவுதானே அண்ணே?" என்றான். "எங்க பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அவனுடைய பெரியம்மா மதாம் நஜீபா. இந்தச் சமத்துவ வாரத்தை நடத்தும் சமத்துவ வட்டத்தின் தலைவி. பிறந்த வீடு — பின் மஹ்ரூஸ்.

பிப்ரவரி 10

ருகய்யாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. நோயும் அவங்க, மருந்தும் அவங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 20

உம்மிக்கு, என் அம்மாவுக்கு, தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. கூஸ்கூஸ் ரவை சலிக்கும் சல்லடையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு மூச்சு கத்தினாள்.

"அந்தப் பேருல என்னடா முள்ளா குத்துது? உங்கப்பா அந்தப் பேரோடதான் செத்தாரு. மண்ணு வேணாம்னா சொல்லிச்சு? லல்லா நஜீபா என்ன நெனைப்பாங்க?"

லல்லா. எஜமானி. அவர்களைவிட என் அம்மாவுக்கு வயது அதிகம்.

மதாமின் மகளுக்கு மார்ச் கடைசியில், நோன்புக்கு முன்னால், கல்யாணம். உம்மிதான் வீடு வீடாகப் போய் அழைப்புச் சொல்ல வேண்டும், மருதாணி வைக்க வேண்டும். மேளத்துக்கு நான். அப்பா அடித்தார், அதனால் நான். எங்களில் யாரும் அழைப்பு வாங்கிப் போனதில்லை, சொல்லத்தான் போயிருக்கிறோம்.

"நான் மேளம் அடிக்க வரலம்மா" என்றேன்.

"ஓஹோ. மேடையில ஏத்துனதும் காலு தரையில பாவலையோ?"

பிப்ரவரி 27, ஞாயிறு

மதாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சோபாவில் உட்காரவைத்து, அவரே காபி கொண்டுவந்து, தட்டிலிருந்த மக்ரூத் இனிப்பை என் பக்கம் தள்ளினார். குறை சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்!

"ஃபர்ஜானி, நீ நம்ம வீட்டுப் பையன். உன் வலி எனக்குப் புரியுது. ஆனா அந்தச் சொல்ல எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, யோசிச்சியா?"

"பின் மஹ்ரூஸ்."

"அது நாங்கப்பா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அண்ணன்தான் ஒத்துக்க மாட்டார். இன்னிக்குப் பேரு, நாளைக்கு எங்க எண்ணெய்ச் செக்குல பங்குன்னு கேப்பாங்கன்னு சொல்றார். நீதிமன்றத்துல ஆட்சேபணை போடுவார், வருஷக்கணக்கா இழுக்கும். நீ வேற ஏதாவது பேர் வெச்சுக்கோயேன். உலகத்துல பேருக்கா பஞ்சம்? எந்தப் பேரா இருந்தாலும் எங்க வீட்டுல எல்லாருமே சம்மதக் கையெழுத்துப் போடறோம்."

வைத்துக்கொண்டால் அவர்களுடைய அடிமை. எடுத்துவிட்டால் அவர்களுடைய திருடன். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே வீட்டுக் கூடத்துக்குத்தான் போகிறது. மக்ரூத் நன்றாக இருந்தது. அதைத் தின்றேன் என்பதுதான் இப்போது நெஞ்சைக் கரிக்கிறது.

மார்ச் 2

உம்மியிடம் கேட்டேன். "நமக்கு இதுக்கு முன்னாடி என்ன பேரு?"

"எதுக்கு முன்னாடி?"

"அவங்க நம்மள வாங்கறதுக்கு முன்னாடி."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை உரித்து முடித்தாள். பிறகு, "வாங்குனவங்க கேக்கல போல" என்றாள்.

மார்ச் 6

பெயர் தேடுகிறேன். ஒன்றும் ஒட்டவில்லை. ருகய்யாவின் அப்பா பெயரும் அத்தீக்தான், வேறொரு வீட்டு அத்தீக். கடன் வாங்கவும் வழியில்லை.

மார்ச் 13

ஊர்ச் சுவரெல்லாம் என் முகம். "நாம் அனைவரும் சமம்" என்று கீழே பெரிய எழுத்து. ரொட்டிக் கடையில் ஒருத்தன், "என்னடா ஃபர்ஜானி, தேர்தல்ல நிக்கறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

மற்றப் பேச்சாளர்களுக்கெல்லாம் முழுப்பெயர் போட்டிருக்கிறது. எனக்கு வெறும் 'ஃபர்ஜானி'. மதாம் இரக்கப்பட்டுச் செய்திருப்பார். ருகய்யா அதைப் பார்த்துவிட்டு, "பேரே இல்லாம விட்டுட்டா பிரச்சினை தீர்ந்துச்சு பாரு" என்றாள். அவள் கேலி செய்யும்போது அழுகையை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19, சனி

கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். 

நாற்காலி போட்டது நான்தான். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. எங்கே உட்காருங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் எல்லாரும் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். உம்மி கதவோரம் நின்றாள். மதாம் போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தார், எல்லாரும் கை தட்டினார்கள். உம்மியின் முகம் — திருட்டில் பிடிபட்டவள் முகம் மாதிரி இருந்தது.

நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். எங்களை 'வஸீஃப்' என்று கூப்பிடாதீர்கள், அதற்கு வேலைக்காரன் என்று அர்த்தம், வாய் தவறிக்கூட வேண்டாம் என்றேன். வரிசையாகத் தலை ஆடியது. சூடு பிடித்துவிட்டது எனக்கு. பிறகு பள்ளிக்கூடக் கதை சொன்னேன். "எங்க தெருவுல மூணு வீடு நாங்க, மத்ததெல்லாம் ஹுர் வீடு. ஹுர் பசங்க கிணத்துப் பக்கம் விளையாடுவாங்க, நாங்க எட்டி நின்னு பாப்போம்..."

கதை நன்றாகப் போனது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். அவா என்று பெயர், மாலி நாட்டுக்காரி, ஹோட்டலில் வேலை. பிரெஞ்சில் கேட்டாள், அனீஸ் மொழிபெயர்த்தான். "இவர் ஹுர், ஹுர்னு அடிக்கடி சொல்றாரே, அது யாரு?"

"வெள்ளைத் தோல்காரங்க" என்றேன்.

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம்?"

அனீஸ் வாயைத் திறந்தான். என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், "சுதந்திரமானவங்க."

அவா என்னைப் பார்த்தாள். குத்தலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். "வெள்ளைத் தோல்காரங்க சுதந்திரமானவங்கன்னா, நீங்க யாரு?"

 என் மைக் கூட அப்போது கூவவில்லை. முப்பத்தாறு வருஷமாக இந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன். என் அம்மா சொல்கிறாள், ருகய்யா சொல்கிறாள், மதாம் சொல்கிறார். ஒருத்தருக்குக் கூட உறைக்கவில்லை. 'வஸீஃப்' என்று சொல்லாதே என்று ஊருக்குப் பாடம் நடத்திக்கொண்டே, அந்தப் பக்கத்தவனுக்கு நானே என் வாயால் கிரீடம் வைத்திருக்கிறேன். வெட்கம். சீ, என்ன வெட்கம்.

மதாம் எழுந்து, "தேநீர் தயாரா இருக்கு" என்றார்.

மார்ச் 20

நீங்க யாரு? நீங்க யாரு? காலையிலிருந்து இதேதான்.

மார்ச் 21

பெயர் கிடைத்துவிட்டது.

ருகய்யாவிடம் சொன்னேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடேய், போதும்டா, வலி வந்துடப் போகுது!" எத்தனை மாதமாயிற்று அவள் இப்படிச் சிரித்து.

மார்ச் 23

அனீஸ் அலுவலகம். எந்தப் பெயருக்கும் சம்மதம் என்று பின் மஹ்ரூஸ் வீட்டார் கையெழுத்துப் போட்ட தாள் மேசைமேல் இருந்தது. அண்ணன்காரர் கையெழுத்துத்தான் இருப்பதிலேயே பெரியது.

"என்ன பேர் அண்ணே எழுதட்டும்?"

"ஹுர்."

பேனாவைக் கீழே வைத்தான். "ஃபர்ஜானி அல்-ஹுர்?"

"தீவுல வேற எந்தக் குடும்பத்துக்காவது இந்தப் பேர் இருக்கா? யாருடைய செக்குலயாவது பங்கு கேக்குதா?"

இல்லை என்றான். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை என்று இந்தத் தடவை சொல்லவில்லை. எழுதிவிட்டான்.

மார்ச் 27

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மேளம் வேறு ஆள். உம்மி போனாள், மூன்று நாள் அங்கேயே இருந்தாள், திரும்பி வந்து என்னோடு பேசவில்லை.

மதாம் தொலைபேசியில் கூப்பிட்டார். 

"ஃபர்ஜானி, அது பேரே இல்லப்பா. ஊர் சிரிக்கும். அது வந்து... அது நம்மளச் சொல்ற வார்த்தை."

"நம்மளன்னா யாரு மதாம்?"

பின்னால் யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, "பிரசவத்துக்கு ஏதாவது வேணும்னா சொல்லு" என்று வைத்துவிட்டார். அதை நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஏப்ரல் 16

சமத்துவ வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிடவில்லை. மைக் மட்டும் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஏப்ரல் 28

நீதிமன்றத்திலிருந்து இன்னும் ஒன்றுமில்லை. ருகய்யாவால் நடக்க முடியவில்லை. முதலில் எது வரும், தீர்ப்பா, பிள்ளையா? உம்மி சொல்கிறாள், "ஹுர்னு பேர் வெச்சா தோல் வெளுத்துடுமா?" என்னிடம் இப்போது பேசுவதெல்லாம் இந்த மாதிரிதான். சுவரில் என் முகம் பாதி கிழிந்து தொங்குகிறது, யாரும் எடுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. நான் ஆடியது முட்டாள்தனமான விளையாட்டோ? ஒரு பெயரால் என்ன ஆகிவிடும்? ஆனால் இந்தப் பெயரால்தானே இத்தனையும்.

மே 9

தீர்ப்பு வந்தது.

மே 14

பெண் பிள்ளை. ருகய்யா நலம். பிள்ளைக்கு ஸக்கியா என்று பெயர். பதிவு செய்பவர் இரண்டு தடவை என் புது அட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதினார்.

ஜூலை 18, திங்கள்

தடுப்பூசிக்குப் போனோம். நல்ல வெயில், கூடம் முழுக்கப் பிள்ளைகள். ருகய்யாவும் நானும் சுவரோரம், பிள்ளை உம்மி மடியில். வேண்டாம் என்றாலும் நான்தான் வைத்துக்கொள்வேன் என்று வந்தாள், வழியெல்லாம் முணுமுணுத்தபடி.

நர்ஸ் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். "ஹுர்! ஹுர் குழந்தை எது?"

எங்களைத் தாண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழப் போனாள், அவள்மேல் தப்பில்லை. எழ வேண்டியது நான், ஆனால் நானும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ருகய்யா என் முகத்தைப் பார்த்தாள்.

உம்மி எழுந்துவிட்டாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"அங்க எங்கம்மா பாக்கற? நாங்கதான் ஹுர்."

நர்ஸ் வழிவிட்டாள். ஸக்கியா ஊசிக்கு வீறிட்டு அழுதது.