முகம் தெரியாத பாட்டுக்காரர்களுக்கு எழுதிய புஷ்பாவுக்கு

என் புஷ்பாவுக்கு,

இன்றைக்கு ஹந்தானை மலை முழுக்க மூட்டம். போன மாதம் என்னை வங்கிக் கிளையின் முகாமையாளர் ஆக்கிவிட்டார்கள். இந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ இருந்திருந்தால், "அப்ப இனி உன்னயப் பார்க்கக்கூட நம்பர் எடுக்கணுமா வாசு?" என்று கேட்டிருப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்.

நீ ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கண்டி நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை உனக்கு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வங்கி வேலைக்கு வந்தவள். சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையையும் பூட்டிவிட்டிருந்த காலம் அது. தமிழ்ப் பெண்களுக்கு அறை கொடுக்க ஆட்கள் யோசித்தார்கள். ஒரு சிங்கள அம்மா மட்டும், நோனா என்றுதான் கூப்பிடுவோம், தன் வீட்டுப் பின்பக்க அறையைத் தந்தார். தந்த கையோடு எங்கள் இரண்டு பேரையும் பொலிஸுக்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதிந்தார்.

அந்தப் பொலிஸ் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் உன்னோடு முதன்முதலாகக் கதைத்தேன். "நீர் எந்த இடம்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அது மரியாதையான பேச்சு. உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீரா? நான் என்னா தண்ணியா? சும்மா நீன்னே சொல்லுங்க." பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்ததும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். எனக்கு அது வெளிநாட்டில் இருக்கிற தம்பியோடு தொடர்பு வைத்துக்கொள்ள. உனக்கு எதற்கென்று அப்போது உனக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கள் சொந்தப் பாட்டுகளை ஆட்கள் தாங்களே பாடிப் போடுகிற ஒரு தமிழ்த் தளத்தை நீ கண்டுபிடித்தாய். நோனாவின் டெலிபோன் லைனில் ஒரு பாட்டு இறங்கி முடிவதற்குள் சோறும் வெந்து பருப்பும் வெந்துவிடும். தமிழ்ச் சத்தம் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாதென்று ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு கேட்போம்.

அப்படித்தான் "உப்புக்காற்று" வந்தார். அது அவர் வைத்துக்கொண்ட பெயர். சொந்தப் பெயர் கடைசி வரை தெரியாது. வடக்கில் ஏதோ ஒரு கடையில் இருந்து பாட்டை ஏற்றுகிறார் என்பது மட்டும் தெரியும். குரல் நடுங்கும். பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்கும், ஒரு கோழி கத்தும். எனக்கு அந்தப் பாட்டைவிட அந்தக் கோழியைத்தான் மறுபடி மறுபடி கேட்கத் தோன்றியது. என் அம்மா அங்கே இருந்தார். பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததைப் பார்த்தால், "முதலில் தொண்டையைச் சரிபண்ணு", "காதில் பஞ்சு வைத்துக் கேட்டேன்" என்று ஒரே கேலி.

நீ அதை வாசித்துவிட்டுச் சொன்னாய்: "இவங்க யாருமே கடைசி வரைக்கும் கேக்கல வாசு. கேட்டிருந்தா அந்த ரெண்டாவது சரணத்தப் பத்தி ஒருத்தராச்சும் சொல்லியிருப்பாங்க."

பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாய். "ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கிட்டு மறுபடி எடுத்தீங்களே, அந்த எடத்துல நான் அரிசி களையுறத நிப்பாட்டிட்டேன். மேல போற எடம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் எறக்கிப் பாடிப் பாருங்க. அடுத்த பாட்டு எப்போ?"

ராகம், தாளம் எதுவும் உனக்குத் தெரியாது. எனக்கும்தான். "நல்லா இருக்குன்னு மட்டும் எழுதுனா அது போற வழியில கும்பிடு போடுற மாதிரி," என்பாய். "எந்த எடம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும். அப்பத்தான் நம்ம உண்மையா கேட்டோம்னு அவங்க நம்புவாங்க." உப்புக்காற்று ஒரு வரியில் பதில் போட்டிருந்தார்: "ஒரு ஆள் கேட்டது காணும்." போதும் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அடுத்த பாட்டை இறக்கித்தான் பாடினார். அவரைத் தொடர்ந்து நீ எத்தனை பேருக்கு எழுதினாயோ. வேலை முடிந்து வந்து, முகம் கழுவுமுன்னே கம்ப்யூட்டரைப் போடுவாய்.

ஒரு விடிகாலை பொலிஸ் சோதனைக்கு வந்தது. அலுமாரியைக் கிளறிவிட்டு ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வடக்கில் இருக்கிற யாருக்கோ இத்தனை எழுதியிருக்கிறாயே, யார் இந்த ஆள் என்று கேட்டார். நீ நல்ல சிங்களத்தில், "பாட்டுப் பாடுகிறவர் சேர். கேட்டுப் பாருங்கள்," என்று சொல்லி இயர்போனை எடுத்து அவரிடம் நீட்டினாய். அவர் கேட்டார். பிறகு, "ஆளுக்குச் சுருதி நிற்கவில்லையே," என்றார். "அதைத்தான் சேர் எழுதியிருக்கிறேன்," என்றாய் நீ.

அவர்கள் போன பிறகு நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இந்த வேலை வேண்டாம் புஷ்பா, கையெடுத்துக் கும்பிடுறன்," என்று அழுதேன். நீ எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாய். அன்று பின்னேரமே மறுபடி எழுதினாய்.

அதற்குப் பிறகு உப்புக்காற்றிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் என்று போயிற்று. கடைசிப் பாட்டின் கீழே நீ, "அடுத்த பாட்டு எப்போ?" என்று போட்டுக்கொண்டே இருந்தாய்.

அந்த நாட்களில்தான் ஒரு சிங்களத் தளத்தில் ஒரு கிட்டார்காரனை நீ கேட்கத் தொடங்கினாய். அவன் பாடுவதில்லை, வாசிப்பான். ஒரு நாள் என் காதிலும் வைத்தாய். கிட்டாருக்குப் பின்னால் காற்று. அந்தக் காற்றில் காய்ந்த பனையோலைகள் உரசுகிற சத்தம். எனக்கு அது தெரியாதா?

"இவன் எங்கை இருந்து வாசிக்கிறான்?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்துல. ஆமி கேம்புல சிப்பாயா இருக்கான்," என்றாய். மறைக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ இவனுக்கு நல்லா வாசிக்கிறீங்க எண்டு எழுதுறாய்? உப்புக்காற்று எங்கை? என்ரை அம்மாவோடை கதைச்சு எத்தினை நாள், உனக்குத் தெரியுமோ?"

நீ இயர்போனைக் கழற்றிச் சுருட்டி வைத்தாய். பிறகு சொன்னாய்: "தமிழ் ஆளுகளுக்கு எதிரா நடந்த கலவரத்துல எங்கப்பாவ லயத்து வாசல்ல வச்சு அடிச்சாங்க வாசு. நான் கதவு சந்து வழியாப் பார்த்தேன். அதுக்கப்புறம் அவருக்கு ஒரு காது கேக்கல. எதையும் நான் மறக்கல. ஆனா இந்தப் பையன் இந்தப் பாட்டுல தப்பா ஒண்ணும் வாசிக்கல. வாசிக்காத தப்ப நான் எப்படி எழுதுறது?"

"அப்ப எழுதாமல் விடு."

"கேட்டுட்டு எழுதாம இருக்க எனக்கு வரல."

அதோடு நமக்குள் பேச்சு நின்றது. ஒரே அடுப்பில் உன் சட்டியை இறக்கி என் சட்டியை வைத்தேன். நோனா கூட வந்து, "ஏன் இந்த வீட்டில் சத்தமே இல்லை?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் அன்று சொன்னது பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, புஷ்பா. நீ சொன்னதும் பிழை என்று தோன்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு காலை நான் வேலைக்குப் போக சாறியை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். நீ வந்து பக்கத்தில் நின்றாய். கண்ணிவெடியில் அந்தக் கிட்டார்காரனின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் இருந்து, மிச்ச விரல்களால் வாசித்து ஒன்றைப் போட்டிருக்கிறான். வாசிப்பதையே விட்டுவிடவா என்று உன்னிடம் கேட்டு எழுதியிருக்கிறான்.

"எழுதன். நீதானே எல்லாருக்கும் எழுதுறனி," என்றேன் முகம் பார்க்காமல்.

"எனக்கு வரல வாசு. நான் எரக்கப்பட்டு எழுதிருவேன். பொய்யாயிரும்." இயர்போனை என் பக்கம் நீட்டினாய். "நீ கேளு. உனக்குத்தான் அவன் மேல எரக்கம் இல்லையே."

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் எரிச்சலோடுதான் கேட்டேன். வேகமான இடங்களில் எல்லாம் தடக்கியது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அவன் நிதானமாக, ஒவ்வொரு சுரத்துக்கும் காத்திருந்து வாசித்திருந்தான். முந்திய பாட்டுகளில் அப்படி ஒரு இடம் இருந்ததே இல்லை. முடிந்த பிறகு மறுபடி போடச் சொன்னேன்.

"முந்தி வாசிச்ச மாதிரி வாசிக்கப் பாக்கிறார். அது இனிச் சரிவராது," என்றேன். "நடுவிலை மெதுவா ஒரு இடம் வருது. அது முந்தி அவரிட்டை இல்லாதது. அதை மட்டும் வைச்சு ஒண்டு செய்யச் சொல்லு."

நான் "அவர்" என்று சொன்னதை நீ கவனித்தாய். அப்படியே சிங்களத்தில் எழுதிவிட்டு, இது என் சிநேகிதி சொன்னது, அவள் யாழ்ப்பாணம் என்றும் சேர்த்தாய். நான் சாறியின் மிச்சப் பாதியை அயர்ன் பண்ணினேன். அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம்.

வெகு நாளைக்குப் பிறகு அவர் ஒரு பாட்டுப் போட்டார். முழுவதும் மெதுவானது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: "உங்கள் சிநேகிதியின் வீடு யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" ஏன் கேட்டார்? எங்கள் தெருவால் நடந்திருப்பாரோ? மன்னிப்புக் கேட்கவா, சும்மா ஒரு பேச்சுக்கா? நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். நீ வற்புறுத்தவில்லை.

சண்டை முடிந்து, பாதையும் திறந்த பிறகு நான் ஊருக்குப் போனேன். அம்மா மெலிந்து போயிருந்தார், இருந்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். யாரைத் தேடுகிறேன் என்று அம்மா கேட்டார். முகம் தெரியாத ஒரு ஆளை எப்படித் தேடுவது? பிறகு அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். உப்புக்காற்றின் பாட்டுகளும் அதோடு போயின. நீ பல நாள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாய்.

உன் உடம்பில் வந்த வருத்தத்தை நீதான் முதலில் கண்டுபிடித்தாய். களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, உன் இரத்தத்தை நீயே எடுத்து நீயே பார்த்தாய். வீட்டுக்கு வந்து, "ரிப்போர்ட்ல ஒரு தப்பும் இல்ல வாசு, நான்தானே பார்த்தேன்," என்று சிரித்தாய். தப்பில்லாமல் இருந்தது ரிப்போர்ட்தான், இரத்தம் அல்ல என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ விடவில்லை. இப்போது கையில் போன் இருந்தது. பாட்டு இறங்கக் காத்திருக்கத் தேவையில்லை. நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். யாரோ ஒருவர் கீபோர்டில் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "எழுது. தாளம் ஓடுனா நீங்க பின்னாலயே ஓடாதீங்க. நின்ன எடத்துல நில்லுங்க, அது உங்களத் தேடி வரும்." நீ எனக்குச் சொல்லி எழுத வைத்த கடைசி வரி அதுதான்.

நீ போன செய்தியை உன் இணையப் பக்கத்தில் நான்தான் போட்டேன். வந்த பதில்களில் ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மன்னாரில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "என் மிருதங்கம் பாட்டை அமுக்குது என்று அக்கா சொன்னார். எனக்குப் பெரிய கோபம், பதிலே போடவில்லை. பிறகு குறைத்துப் பதிவு செய்தேன். அக்கா சொன்னதுதான் சரி. இதை இனி யாரிடம் சொல்வது?" என்னிடம் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவர் உடனே பாட்டை அனுப்பிவிட்டார். மிருதங்கம் இன்னும் கொஞ்சம் கூடத்தான், புஷ்பா. சொல்லியிருக்கிறேன்.

இப்படித்தான் நானும் இதற்குள் வந்து சேர்ந்தேன். உன்னைப் போல எனக்குச் சட்டென்று எழுத வருவதில்லை. வங்கிக் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்று காலை கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். கலஹாவுக்கும் பேராதனைக்கும் இடையே ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற ஒருவர், தானே கட்டிய பாட்டைப் போனில் பதிந்து போட்டிருக்கிறார். ஓடுகிற பஸ்ஸிலேயே பாடியிருக்கிறார். கீழே நாலைந்து பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் ஒரு பெண் குரல், "தம்பி, எறக்கம்!" என்கிறது. மனுஷன் பாட்டை நிறுத்தி, "பார்த்து எறங்குங்கம்மா, புள்ளையப் புடிச்சுக்குங்க," என்று சொல்கிறார். மணி அடிக்கிறது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. விட்ட சொல்லில் இருந்து, அதே உயரத்தில், மறுபடி எடுக்கிறார்.

தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், இதைச் சொல்ல நீ இல்லையே என்று அழுகை வந்தது. அவருக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். "அந்த அம்மா இறங்குகிற இடத்தை வெட்டிவிடாதீர்கள்," என்பது முதல் வரி. அடுத்த வரி இன்னும் வரவில்லை. வரும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், புஷ்பா. யார் பாடினாலும், எந்தப் பாஷையில் பாடினாலும், முழுக்கக் கேட்காமல் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். இரக்கப்பட்டும் எழுத மாட்டேன்.

உன்னோடு பிறக்காமலே உனக்குத் தங்கையாகிப்போன,
வாசுகி
கண்டி