மடி என்ற பெயரில்

நவம்பர் 20, வியாழன்

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. நாத்தனார் ரமா, அவள் மகள் நந்து (ஆறு வயது) இருவரோடும் தில்லைநகரில் குழந்தை மருத்துவரிடம். ஆட்டிசமாக இருக்குமோ எனப் பள்ளியில் ஐயுறுகிறார்கள். நான் துணைக்கு மட்டும்.

மருத்துவர் வினவியவை: எவரேனும் தொட்டால் பதறுகிறாளா? மிக்ஸி ஓசைக்குக் காதைப் பொத்துகிறாளா? கூட்டத்துக்குப் போய் வந்தால் நெடுநேரம் பேச்சற்றுப் போகிறாளா? ஒவ்வொன்றுக்கும் ரமா தயங்கினாள். நான் உள்ளுக்குள் 'ஆம்' எனச் சொல்லிக்கொண்டிருந்தேன். நந்துவுக்காக அல்ல, எனக்காக.

ரமா என்னைக் காட்டிச் சிரித்தாள். "தொட்டா ஆகாதுன்னா, எங்க மன்னிக்குந்தான் ஆகாது டாக்டர். ஆனா அது மடி, ஆசாரம். ஸ்ரீரங்கத்துல மன்னியை மிஞ்ச ஆள் கிடையாது."

மருத்துவர் சிரிக்கவில்லை. புறப்படும்போது என்னிடம் மட்டும்: "பெரியவங்களுக்கும் இதை டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்மா. சின்ன வயசுலேருந்து உங்களத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

நவம்பர் 21, வெள்ளி

சற்றே வெயில். மாவு அரைத்தாயிற்று, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இந்தத் தமிழ், நூலகத்தில் நானே தேடிக்கொண்டது. நான் பேசினால் "செய்தி வாசிக்காதே" என்பார் கணவர். அதையும் பெருமையாகவே கொண்டிருந்தேன். இன்று அதுவும் ஓர் அறிகுறியோ என்று ஐயம்.

மணமாகி வந்த புதிதில் காட்டூர்ச் சித்தி (மாமியாரின் தங்கை) அணைக்க வந்தார். பதறி விலகினேன். "அவ மடியா இருக்காடி, தொடாதே" என்றார் மாமியார். நான் மறுக்கவில்லை. அன்றுமுதல் அணைப்பு, பந்தி, கோயில் நெரிசல், அனைத்திலிருந்தும் தப்ப அந்த ஒரே சொல்.

ஆனால் மடிக்காரி என்று பெயர் பெற்றவளுக்கே எல்லாத் தளிகையும் (சமையல்). உறவில் எவர் வீட்டுத் திதியானாலும் அடுப்படியில் நான். புகை, பாத்திர ஓசை, சுற்றிலும் பெண்கள். எதற்கு அஞ்சி ஒதுங்கினேனோ அதன் நடுவிலேயே.

சிறு வயதில் என்னை அறிந்தவர்: அம்மா உயிரோடு இல்லை. மருங்காபுரியில் அண்ணன். 'பைத்தியம்' என்றே என்னை அழைத்து வளர்ந்தவர். அவரையா?

இரவு உணவுக்குப் பின், மருத்துவர் கூறியதைக் கணவரிடம் சொன்னேன்.

"நாப்பத்துநாலு வயசுல இதெல்லாம் எதுக்கு? அம்மா ஊரெல்லாம் உன்னைப் பத்திப் பெருமை பேசிண்டிருக்கா." பிறகு, முகம் பாராமல்: "அப்போ என்கிட்டேருந்து விலகினதும் மடி இல்லையா?"



நவம்பர் 24, திங்கள்

மாமனார் திதி. ஈரப்புடவையோடு அடுப்படியில். கூடம் நிறைய உறவு. சித்தி நந்துவின் கன்னத்தைக் கிள்ளினார். குழந்தை அலறி, அவர் கையைக் கடித்துவிட்டாள். மாமியார் அவள் முதுகில் ஓர் அடி.

"திமிர் பிடிச்ச கழுதை! உங்க மாமியைப் பாரு, எவ்ளோ அடக்கமா ஒதுங்கி நிக்கறா!"

"டாக்டர் வரச் சொல்லியிருக்கார்ம்மா" என்றாள் ரமா.

"டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லீவுக்கு மன்னிகிட்ட விடு. அவளைப் பாத்து மடி கத்துண்டா எல்லாம் சரியாப் போயிடும்."

என்னிடமிருந்து கற்பதா!

"என்னுடையது மடி இல்லை, அம்மா. எவர் தொட்டாலும் தாங்காது. நந்துவைப் போலவேதான்."



"அப்போ இந்தத் தளிகை திதிக்கு ஆகுமோ?" என்றார் சித்தி.

மாமியார் அருகில் வந்தார். தொடவில்லை. "மெள்ளப் பேசு, திதி பண்ணி வைக்கற வாத்தியார் காதுல விழும். இன்னிக்கு மடியாவே இரு."

இருந்தேன். பரிமாறினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

கனமழை. ரமா நந்துவை ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள், மறுபடி மருத்துவரிடம் போவாளா என்று சொல்லாமலே.

மருத்துவமனைக்குத் தொலைபேசினேன்.

"பேஷன்ட் வயசு?"

"நாற்பத்து நான்கு."

"குழந்தையோட வயசு கேட்டேன்மா."

"குழந்தை இல்லை. நான்தான்."

"ஓ... வியாழன் பதினொரு மணி. கூட யாரு வராங்க?"

"ஒருவரும் இல்லை."

திரும்பினால் மாமியார். "வியாழக்கிழமையா? அன்னிக்கு அரியமங்கலத்துல திதி. நீ வருவேன்னு சொல்லியாச்சு. நீ இல்லாம அங்க அடுப்பே பத்த வெக்க மாட்டாடி."

"கன்ஃபார்ம் பண்ணிடட்டுமாம்மா?" என்றது போன்.

"செய்யுங்கள்" என்றேன், மாமியாருக்குக் கேட்கும்படி.