சத்தமே இல்லாமல் ஒன்பது தடவை

ஜூன் 18, வியாழன்

காது சோதிக்கும் கருவி பழுதுபார்த்து வந்தது. நோயாளிக்கு வைப்பதற்கு முன் எங்களில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது எங்கள் கிளினிக் வழக்கம். இன்று என் முறை. ஆறு வருடமாக மற்றவர்களை அந்தச் சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறேன். நான் உள்ளே போனது எண்ணி இரண்டு மூன்று தடவை. காதில் ஹெட்போன், கையில் பொத்தான். பீப் கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து ஓட்டியது குண்டூசி. கூட வேலை பார்க்கிறவள். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி.

"உனக்குப் பாம்புக் காதுடி. ஆனா நான் சத்தமே அனுப்பாதப்ப ஒன்பது தடவை அழுத்தியிருக்க. யாரு கூப்பிட்டாங்க உன்னை?"

சிரித்து மழுப்பிவிட்டேன். இந்த மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். காது கேட்காதவர்கள் இல்லை. எங்கே கேட்காமல் விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அழுத்துகிறவர்கள். அவர்களுடைய தாளின் ஓரத்தில் "பதற்றம்" என்று பென்சிலால் எழுதுவது என் வேலை. இன்று குண்டூசி எனக்கு எழுதினாள். பேனாவில்.

என் பெண் மிளகின் முகாம் படிவம் இன்னும் குளிர்பெட்டி மேல்தான் கிடக்கிறது. நாளை பார்க்கலாம்.

ஜூன் 22

நாளை பார்க்கலாம்.

ஜூன் 24, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழு ராத்திரி. மலையடிவாரம், கூடாரம், இருபது பிள்ளைகள். நான் எங்கேயும் தேடிப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதத்தை மிளகுதான் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்பது வயது. உருவம் சின்னது, காரம் ஜாஸ்தி. "நான் போறேன். நீ பயப்படுவ. பரவாயில்ல, பயப்படு" என்றாள்.

படிவத்தில் "குழந்தையைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியது" என்று மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். நான் நாலு பக்கம் எழுதி இணைத்தேன். அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் வந்த வலிப்பு, அதன்பிறகு அது வரவே இல்லை என்பது, இருந்தாலும் வரலாம் என்பது, டாக்டர் இனி வராது என்று சொன்னது, டாக்டருக்கு எல்லாம் தெரியுமா என்பது. கடைசியை அடித்துவிட்டேன்.

அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு தினமும் இரண்டு தடவை எழுந்து அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். ஏழு வருடம். இவர் முதலில் கூட எழுந்தார். அப்புறம் "நீதான் எழுந்துக்கறியே" என்றார்.

ஜூன் 27, சனி

அந்த வாரம் என் கையில் சும்மா கிடக்கப்போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

கிளினிக் டாக்டர்: "குழந்தை இல்லையே, சாயங்கால நேரமும் நீங்களே பார்த்துக்கலாமே?"

நாத்தனார் வீடு மாற்றுகிறாள். "அண்ணி, நீங்க ஃப்ரீதானே, சமையலறை சாமான் எல்லாம் நீங்க கட்டினாத்தான் உடையாது." பாராட்டி வேலை வாங்குவதில் அவளை அடிச்சுக்க ஆளில்லை.

இவர்: "ஒரு வழியா பரணை ஒழிச்சுடலாம்."

மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு, பாத்ரூமில் உட்கார்ந்து போனில் ஓர் அறை பிடித்தேன். ஏரிக்கரை. பஸ்ஸில் நாலு மணி நேரம். ஐந்து ராத்திரி. படத்தில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். எது ஒன்றும் இரண்டாக இல்லை. அதற்காகவே பிடித்தேன்.

ஜூன் 28

சாப்பிடும்போது சொன்னேன். அத்தை தட்டில் கை வைத்தபடி அப்படியே பார்த்தார்.

"புருஷனை விட்டுட்டு, புள்ளையை விட்டுட்டு, ஒத்தையா ஏரிக்கரையில போய் என்ன பண்ணுவ?"

"தூங்குவேன் அத்தை."

"தூங்கறதுக்கு பஸ் ஏறுவாங்களா யாராவது?"

"நான் ஏறுவேன்."

இவர் தண்ணீரைக் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார். அப்புறம் என்னிடம் தனியாக, "அம்மா கேக்கறதுலயும் நியாயம் இருக்கில்ல?" என்றார். இருக்கட்டும். எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் பக்கம் பஸ் டிக்கெட் இருக்கிறது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 4, சனி

பை கட்டியாச்சு. போன் கொண்டுவரக்கூடாது என்பது முகாமின் முதல் விதி, கறுப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் பழைய பட்டன் போனைச் சார்ஜ் ஏற்றி, அவளுடைய பச்சைக் காலுறைக்குள் சுருட்டி, பையின் அடியில் வைத்தேன். அவளிடம் காதோடு சொன்னேன். என் போனில் அந்த எண்ணுக்கு "மிளகு காலுறை" என்று பெயர் போட்டிருக்கிறேன்.

தப்புதான். தெரிந்தே செய்கிற தப்பு. காலுறைக்குள் போனை ஒளித்து வைக்கிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் — இருக்கட்டுமே.

ஜூலை 5, ஞாயிறு

பஸ் கிளம்பியது. நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஜன்னல் பக்கத்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 6, திங்கள்

வந்துவிட்டேன். அறை படத்தில் இருப்பதைவிடச் சின்னது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

வீட்டுக்காரம்மா சாவி கொடுக்கும்போது, "எத்தனை பேரு?" என்றார்.

"ஒருத்தி."

"ஒருத்திக்கா இத்தாம்பெரிய பை?"

திறந்து பார்த்தால் எனக்கே சிரிப்பு. தெர்மாமீட்டர். காய்ச்சல் மருந்து, அளவுக் குப்பியோடு. அவளுடைய குட்டிப் போர்வை. காய்ச்சல் வந்தால் பார்க்க வேண்டிய பிள்ளை எங்கேயோ மலையடிவாரத்தில். தெர்மாமீட்டர் என்னோடு ஏரிக்கரையில். வேறு வழியில்லாமல் எனக்கே வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 7, செவ்வாய்

ஓய்வாம் ஓய்வு. போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிக்க எடுத்துப் போகிறேன். ஏரியில் கால் நனைக்கும்போதும் கையில் இருக்கிறது. நேற்று வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்து, கை தானாகப் பக்கத்தில் துழாவியது. தலையணையின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். போன் அடித்த மாதிரி மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். அடிக்கவே இல்லை. குண்டூசி பார்த்திருந்தால் கணக்கில் சேர்த்திருப்பாள்.

மத்தியானம் நிஜமாகவே அடித்தது. "மிளகு காலுறை."

எடுத்ததும், "என்னடா கண்ணு, என்ன ஆச்சு, எங்க வலிக்குது" — மூச்சு விடாமல் கேட்டேன்.

"அம்மா, நான் முகாம் அக்கா பேசறேன். ஒண்ணும் ஆகலை. உங்க பொண்ணு இந்தப் போனை முதல் நாளே எங்கிட்ட கொடுத்துட்டா. இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன், இருபத்திரண்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "என்ன சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"'இது எனக்கு வேண்டாம், எங்க அம்மாவுக்குத்தான் வேணும், அவங்க பயந்தா பேசுங்க'ன்னு சொன்னா."

முதல் நாள் ராத்திரி அழுதாளாம். இரண்டாம் நாள் பக்கத்துப் படுக்கைப் பெண் அழுதிருக்கிறாள். இவள் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தேன், இத்தனை வருடம்.

ஜூலை 8

காலை பதினொன்றிலிருந்து மாலை நாலரை வரை தூங்கினேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 9, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தினமும் மாலை ஆறு மணிக்கு முகாமிலிருந்து பெற்றோர் எல்லாருக்கும் படம் அனுப்புகிறார்கள். இன்றைய படத்தில் மிளகு தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலில் பெரிய வெள்ளைக் கட்டு. முகம் சரியாகத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம் கட்டமாகப் போனது.

ஆறு இருபதுக்கு இவர். "பாத்தியா? அம்மா அழறாங்க. நான் கார் சாவி எடுத்துட்டேன். போய்க் கூட்டிட்டு வந்துடறோம்."

"இருங்க, நான் பேசிட்டு..."

"நீ அங்க ஹாயா உக்காந்துக்கிட்டு இருங்க இருங்கன்னு சொல்லாத."

வைத்துவிட்டார். நான் என்ன செய்தேன்? பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு மாறிப் போட்டதுகூடப் பஸ் நிலையத்தில்தான் தெரிந்தது. கடைசி பஸ் ஏழரைக்கு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து முகாமுக்குப் போன் போட்டேன்.

"மரத்துல ஏறினாம்மா. இறங்கறப்ப சிராய்ச்சுக்கிட்டா. கழுவிக் கட்டுப் போட்டாச்சு, கட்டுதான் பெரிசு, காயம் சின்னது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. விதியில இல்லை, ஆனா ரெண்டு நிமிஷம் பேசறீங்களா?"

பேசணும். வேற என்ன, பேசணும்தான். ஆனால் கேட்டது வேறு. "அவ என்னைக் கேட்டாளா?"

"இல்லம்மா. நாளைக்கும் ஏற விடுவீங்களான்னுதான் கேட்டா."

குத்தியது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குத்தியது. அப்புறம் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் பக்கத்தில் இருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கூப்பிட வேண்டாம். ஏற விடுங்க" என்றேன்.

உடனே இவருக்குப் போட்டேன். "சாவியை வச்சுடுங்க."

"என்ன பேசற? கட்டுப் போட்டிருக்கு!"

"சிராய்ப்பு. ஒன்பது வருஷமா அவ தும்மினாக்கூட முதல்ல ஓடறது யாரு? நான். அந்த நானே ஓடலைன்னா, ஓடத் தேவையில்லைன்னு அர்த்தம். அவ வாரத்தை யாரும் பாதியில புடுங்கக் கூடாது. என் வாரத்தையும்."

அத்தை போனை வாங்கிக்கொண்டார். "பெத்தவளா நீ?"

"ஆமா அத்தை, பெத்தவதான். அதனாலதான் சொல்றேன். யாரும் போகக் கூடாது."

அத்தை பேசும்போதே போனை வைத்தேன். கல்யாணம் ஆகிப் பத்து வருடத்தில் முதல் தடவை. இனிமேல் என்னென்ன கேட்க வேண்டியிருக்குமோ. கேட்டுக்கொள்கிறேன். பஸ் வந்தது. போனது. நான் பெஞ்சில்தான் இருந்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். "ஓடினீங்களே, போகலையா?"

"போகலை. சாப்பாடு இருக்கா?"

அவர்கள் கிளம்பிவிட்டார்களா தெரியவில்லை. கார் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் கேட்டுத்தான் போக வேண்டும் என்று இல்லை. போன் அந்த மூலையில் இருக்கிறது. நான் கூப்பிட மாட்டேன். சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 10, வெள்ளி

காலை முழுவதும் ஒன்றும் இல்லை. வாடகைப் படகில் உட்கார்ந்து ஏரியின் நடுவுக்குப் போனேன். போனை அறையிலேயே வைத்துவிட்டு. துடுப்புப் போடத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றினேன். கரையில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

மாலை இவரிடமிருந்து: "போகலை. இன்னைக்குப் படம் பாரு. கட்டு இல்லை. மரத்து மேல இருக்கா. அம்மா கண்ணாடி போட்டு மூணு தடவை பார்த்தாங்க."

கீழே இன்னொன்று: "பரண் நானே ஒழிச்சேன். ஒரே தூசி."

ஒரு தும்மல் பொம்மை மட்டும் பதிலாக அனுப்பினேன்.

ஜூலை 12, ஞாயிறு

நேற்று வீடு திரும்பிவிட்டேன், இன்று மிளகைக் கூட்டிவர முகாமுக்குப் போனோம். அத்தையும் வந்தார், காரின் பின் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு. வழியெல்லாம் என்னோடு பேச்சில்லை.

மிளகு ஓடி வரவில்லை. நடந்து வந்தாள், தோழிகளோடு பேசி முடித்துக்கொண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா, கறுத்துட்ட. நல்லா இருக்கு." பையிலிருந்து பச்சைக் காலுறையை எடுத்து நீட்டினாள். "இந்தா உன் போன். ரொம்ப பயந்தியா?"

"ரொம்ப."

"நானும் முதல் நாள். அப்புறம் மறந்துட்டேன்."

"புள்ளை எப்படி இளைச்சுட்டா பாரு" என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்து. மிளகு முழங்காலை நீட்டி, "பாட்டி, புண்ணு காஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க" என்றாள். அத்தை தொட்டுப் பார்த்தார். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

ஜூலை 19

நாத்தனார் போன். அவள் சாமானில் இரண்டு கண்ணாடிக் குடுவை உடைந்துவிட்டதாம், நான் வராததால். பத்து நிமிடம் அதையே சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணி... அந்த ஏரிக்கரை ரூம் நம்பர் குடுங்களேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

கொடுத்தேன். நாற்காலிக்குக் கால் குட்டை, அடியில் காகிதம் மடித்து வைத்துக்கொள் என்றும் சொன்னேன்.

ஜூலை 30, வியாழன்

மிளகு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஆரம்பித்திருக்கிறாள். ராத்திரி ஒரு தடவை எழுந்து போகிறேன். கதவு வரை. திறப்பதில்லை.

கருவிக்கு மறுபடி கோளாறு, மறுபடி பழுதுபார்த்து வந்தது. என் முறை இல்லை. நானே போய் கூண்டுக்குள் உட்கார்ந்தேன்.

குண்டூசி தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "சத்தம் இல்லாம அழுத்தினது ரெண்டே ரெண்டு. என்னடி ஆச்சு உனக்கு? அந்த ரெண்டும் போயிடுச்சுன்னா முழுசா சரியாயிடுவ."

பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"அது ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். "அது என்னுது."