ஒரு வெங்காயமும் உரிக்காத விடுமுறை

06.08.2003, புதன் – வுப்பர்டால்

வோன்மொபில் வாடகைக்கு எடுத்தாச்சு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற பெரிய வான். பதினாலு வருஷமாக எங்கள் விடுமுறை என்றால் யாராவது சொந்தக்காரர் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுப்பதும், அவர்கள் குசினியில் நான் வெங்காயம் உரிப்பதும்தான். இந்த முறை போடன்சே ஏரிக்கரை. நாலு நாளைக்கு ஒரு வெங்காயமும் உரிக்க மாட்டேன். காலைத் தண்ணிக்குள் விட்டுக்கொண்டு இருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

வானை நிப்பாட்டித் தங்குகிற காம்பிங்கில் இடம் பதிந்தாச்சோ என்று இவரைக் கேட்டேன். “அக்கா வீட்டுக்குப் போகேக்க பதிஞ்சிட்டோ போறனாங்கள்? போய் நிண்டா இடம் குடுப்பினம்” என்கிறார் உருத்திரமூர்த்தி. தலைமயிர் வெட்டவும் முன்கூட்டியே நேரம் பதிந்து டெர்மின் எடுக்கிற நாட்டில் பதினாலு வருஷம் இருந்த மனிசன்.

07.08, வியாழன்

முப்பத்தெட்டுப் பாகை வெக்கை. முதல் காம்பிங்கில் இடமில்லை. வெறுங்கையோடு கேட்கக்கூடாதென்று, நான் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியை வாசலில் நின்றவரிடம் இவர் நீட்டினார். அந்தாள் நாலு றோல்ஸ் சாப்பிட்டு, நல்ல ருசி என்று கையும் குடுத்து, இடமில்லை என்றார்.

இரண்டாவது காம்பிங்கில் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை வாசலே பூட்டு. பகல் ஓய்வாம். இரண்டு மணித்தியாலம் வானுக்குள் அவிந்தோம். மூன்று மணிக்குத் திறந்து, இடமில்லை என்றார்கள். அதை ஒரு மணிக்கே சொன்னா என்னவாம்?

இவர் மெல்ல, “ஸ்டுட்கார்ட்டில அக்கா இருக்கிறா...” என்று தொடங்கினார். இவரின் அக்கா, அன்னப்பிள்ளை மச்சாளின் குசினி கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்க போறதெண்டா நீங்கள் போங்கோ, நான் வுப்பர்டாலுக்கு நடந்தே போறன் எண்டன். அழுகையும் வந்திட்டுது. பிறகு ஆள் ஒளிச்சு நிண்டு அக்காவுக்குப் போன் அடிச்சது எனக்குத் தெரியாதெண்ட நினைப்பு. மச்சாள் குடும்பத்தோட லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போட்டாவாம்.

கடவுள் இருக்கிறார்.

08.08, வெள்ளி

ஓட்டோபான் பெருந்தெருக் கரையில், லொறிகளுக்கு நடுவில் படுத்தோம்.

09.08, சனி – போடன்சே

மூன்றாவது காம்பிங். இங்கேயும் இடமில்லை. பொறுப்பாக நிற்கிற மனிசி பதிவுக் கொப்பியைத் திருப்பியே காட்டினா. ஏரியையாவது ஒருக்காப் பாத்திட்டுப் போவம் என்று நான் கரைக்கு நடந்தேன்.

கரையில் ஒரு மடக்குக் கதிரை. அதில் ஒரு பொம்பிளை. தலையில் ஈரத் துவாய், கையில் ஐஸ்கிரீம், கால் இரண்டும் தண்ணிக்குள் –

லண்டன் கலியாணத்துக்குப் போன அன்னப்பிள்ளை மச்சாள்.

ஐஸ்கிரீம் மச்சாளின் முழங்கைவரை வழிந்தது.

“கோவிக்காத கமலம்” என்றா. “கோடை வந்தா வீட்டுக்கு வாற சனத்துக்குச் சமைச்சுச் சமைச்சு இனி ஏலாது. பங்குனியிலயே இஞ்ச இடம் பதிஞ்சிட்டன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேணும். சிரிப்புத்தான் வந்தது. அவவின்ர குசினியில நான் உரிச்ச வெங்காயத்தைத்தான் இவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தன். நாங்கள் போனாப் பிறகு எங்கட பாய் படுக்கையெல்லாம் ஆர் தோய்ச்சது எண்டு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

மச்சாள் போய்க் கேட்க, அவையின்ர இடத்திலேயே எங்கள் வானையும் ஒட்டி விடலாம் என்று அந்த மனிசி விட்டுட்டா. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, “போய் நிண்டா இடம் குடுப்பினம் எண்டு சொன்னனான்தானே” என்கிறார்.

10.08, ஞாயிறு

இவரும் மச்சாளின் மனிசனும் பாண் வெட்டித் தந்தார்கள். வளைஞ்ச வெட்டுத்தான், பரவாயில்லை. நானும் மச்சாளும் காலைத் தண்ணிக்குள் விட்டபடி சாப்பிட்டோம்.

அப்போது மச்சாளின் கைபேசி அடித்தது. இவையின்ர சித்தப்பா கதிர்காமநாதன், பாரிஸிலிருந்து ஆறு பேரோடு வந்து ஸ்டுட்கார்ட் வீட்டு வாசலில் நிற்கிறாராம். மச்சாள் முழுசினா. தம்பிக்குச் சொன்ன பொய் சித்தப்பாவுக்குச் சொல்ல வாயில் வரவில்லை. நான் போனை வாங்கினேன்.

“ஓம் மாமா, கமலநாயகி கதைக்கிறன். மச்சாளவை லண்டனிலதான். ஓம், கலியாணம். நாங்களோ? நாங்களும் லண்டன்தான் மாமா. ஓமோம், இஞ்சயும் சரியான வெக்கை.”