வழியில் ரெஹோபோத்

ரெஹோபோத்,
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள லேனா,

அபர்டீனில் நீயும் உன் வீட்டுக்காரர் கேலமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். மழை இந்த வருஷமும் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஆடுகளை எல்லாரும் விலை வந்தால் போதும் என்று விற்கிறார்கள்.

ஜூலையில் இங்கே வர நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. போனில் பேசலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே அடுத்த அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, காதைத் தொடவில்லை. அதனால் எழுதுகிறேன். சாலை வரைபடத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கைப்பேசி வரைபடத்தை நம்பிக் கிளம்பிவிடாதே. பாதி வழிக்கு சிக்னல் இருக்காது.

திட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்றே வாரத்தில் சிவப்பு மணல்மேடுகள், கடற்கரை, பாலைவன யானைகள், எத்தோஷா விலங்குப் பூங்கா, அப்புறம் வடகிழக்கு ஆறுகள், அங்கிருந்து போட்ஸ்வானா. மேசையில் விரித்து விரலை நகர்த்தினால் எல்லாம் பக்கம்தான். நீ இந்த மண்ணில் பிறந்தவள். சரளைச் சாலை மறந்துவிட்டதா? எண்பதைத் தாண்டினால் வண்டி தகரக் கூரைமேல் ஓடுவதுபோல் அதிரும், பின்சக்கரம் தனக்குத் தோன்றிய பக்கம் போகும். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வைத்துக்கொள். உபரி டயர் இரண்டு வேண்டும். மணலில் இறங்குமுன் காற்றைக் குறைக்கவேண்டும். டீசல் எங்கே கண்டாலும் நிரப்பிக்கொள்ளவேண்டும். அடுத்த பங்க்கில் இருக்கும் என்பது அடுத்த பங்க்காரருக்கே தெரியாது.

இதையெல்லாம் நான் தினமும் ஒப்பிக்கிறேன். காலையில் ஷேர் டாக்ஸியில் விண்ட்ஹூக் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வாடகை வண்டிக் கம்பெனி முற்றத்தில் வண்டிகளைக் கழுவி நிறுத்தியிருப்பார்கள். ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் புதுத் தொப்பியோடு வந்து நிற்பார்கள். வண்டிக் கூரைமேல் கூடாரத்தை விரித்துக் காட்டுவேன், ஜாக்கி போடக் காட்டுவேன், சின்ன குளிர்பெட்டியைத் திறந்து காட்டுவேன். அவர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போவார்கள். நான் மாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பேன்.

ஒன்று சொல்லவேண்டும். உன் தாளில் ரெஹோபோத்துக்கு நேரே "வழியில், மதியச் சாப்பாடு" என்று போட்டிருந்தாய். அப்பா படிக்கச் சொன்னார், படித்தேன். அந்த வரியை விட்டுவிட எனக்குத் தோன்றவில்லை. அவர் இழுத்து இழுத்து, "அவ என்னப் பாக்க வர்றாளா, யானையப் பாக்க வர்றாளா?" என்று கேட்டார். "ரெண்டையுந்தான்பா" என்றேன். "யானைக்கு எத்தன நாளு குடுத்திருக்கா?" என்றார். நான் தாளை மடித்துவிட்டேன்.

அந்த வரியை மாற்றி எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டிலும் கதகதப்பு இருக்கட்டும் என்று வேண்டும்,
ரீக்கா


ரெஹோபோத்,
மே மாதம், இரண்டாம் வாரம்

அன்புள்ள லேனா,

புதுத் திட்டம் வந்தது. ரெஹோபோத்துக்கு இரண்டு இரவு கொடுத்திருக்கிறாய். அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டா? அப்ப நான் குளிச்சு வெக்கணும்" என்றார். சந்தோஷம்தான், அவர் அதை அப்படித்தான் சொல்வார்.

எத்தோஷாவில் பூங்காவுக்குள்ளேயே இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் அங்கே ஒரு காலி இடம் என்பது ஆட்டின் கொம்பில் பால் கறப்பது மாதிரி. பதிவு அலுவலகத்தில் யோஹானா இருக்கிறாள், என்னோடு பள்ளியில் படித்தவள். "ரீக்கா, வேற யாரு கேட்டாலும் குடுக்கமாட்டேன். நீ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல, அதனால குடுக்கறேன்" என்று திட்டிக்கொண்டே கொடுத்தாள். தண்ணீர்க்குட்டைக்குப் பக்கத்து இடம். காண்டாமிருகம் உங்கள் சாப்பாட்டு நேரத்துக்கே வரும்.

அப்பாவையும் வண்டியில் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல மனசோடு கேட்டாய் என்று தெரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே கத்ரீனா சித்தியும் நானும் இரண்டு பக்கமும் பிடிக்கிறோம். சரளைச் சாலையில் அந்த உடம்பு அதிர்ந்தால் என்ன ஆகும்? அவரிடம் சும்மா சொல்லிப்பார்த்தேன். "நான் ரோடு சீர் பண்ற வண்டி ஓட்டுனவன். அந்த ரோட்டையெல்லாம் ஒவ்வொரு கல்லாப் பாத்தாச்சு. இப்ப அதுங்க வந்து என்னப் பாக்கட்டும்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாளாயிற்று. பேசி முடித்ததும் தூங்கிவிட்டார்.

விண்ட்ஹூக்கில் முதியோர் இல்லம் பற்றியும் எழுதியிருந்தாய். அதை அவருக்கு நான் படிக்கவில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், போன வருஷமே. சுத்தமாக இருந்தது. வரிசையாக நாற்காலிகளில் உட்காரவைத்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்னொரு சேதி, கத்ரீனா சித்தி ஜூன் முதல் வாரம் வால்விஸ் பே போகிறாள். மகளுக்குப் பிரசவம். "நான் என்ன பண்றது ரீக்கா, பேரப்பிள்ள நாள் பாத்தா வருது?" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்டாள். எத்தனை வருஷமாகப் பகலெல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் என்ன சொல்ல? கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தேன். சித்தி போனபிறகு பகலில் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று ஒரு டச்சுக்காரப் பெண்மணி வந்தாள், வெள்ளை முடி, நல்ல சிரிப்பு. கூடாரத்தை மடிக்கக் காட்டிக்கொண்டிருந்தபோது, "ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச எடம் எதும்மா?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்பதுதான். எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்: விடியற்காலையில் வெள்ளைக் களிமண் படுகை, செத்த மரங்கள் கறுப்பாக நிற்கும், மேலே சிவப்பு மணலில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் ஏறும் என்று. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?" என்றாள். நான் தார்ப்பாயின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே, அடிக்கடி என்றேன். ரெஹோபோத்திலிருந்து அது ஒரு நாள் வழிகூட இல்லை, லேனா. உனக்குத் தெரியும், நான் போனதே இல்லை.

வரும்போது தடித்த சாக்ஸ் கொண்டுவா. இங்கே ஜூலைதான் குளிர்காலம், மறந்திருப்பாய்.

என்றும் உன்,
ரீக்கா


ரெஹோபோத்,
ஜூன், சனிக்கிழமை

அன்புள்ள லேனா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கேலம் பக்கத்தில் இல்லாதபோது படி.

முதலில் அப்பா. மருத்துவர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் அடங்கவில்லை. இன்னொரு தாக்குதல் வரும், எப்போது என்று சொல்லமுடியாது என்று வாசலில் வைத்துச் சொன்னார். அடுத்த வாரமாக இருக்கலாம், அடுத்த வருஷமாகவும் இருக்கலாமாம். உள்ளே வந்தால் அப்பா, "வாசல்ல என்ன குசுகுசுப்பு? செத்தா சொல்லிட்டுத்தான் சாவேன்" என்றார்.

இரண்டாவது நான். சித்தி போனதிலிருந்து பக்கத்துத் தெரு எல்ஃப்ரீடா பகலில் வந்து உட்காருகிறாள். நல்லவள், ஆனால் அவளால் அவரைத் தூக்கமுடியாது. ஆகவே காலையில் நான் கிளம்புமுன் எல்லாம் முடிக்கவேண்டும், வந்தபிறகு எல்லாம் தொடங்கவேண்டும். செவ்வாய்க்கிழமை பங்க்கில் டீசல் வண்டிக்கு பெட்ரோல் போடச் சொல்லிவிட்டு இருக்கையிலேயே கண்ணை மூடிவிட்டேன். சின்னக் குழந்தைகளோடு அந்த வண்டியில் கிளம்பிய குடும்பம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நடுச்சாலையில் நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் ஹெல்மூட் கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் தேவலை. "ரீக்கா, நீ கடசியா எப்ப முழுசாத் தூங்குன?" என்றார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அவருக்குப் பயமாகிவிட்டது. ஜூலையில் எவருக்கும் விடுப்புக் கொடுக்காதவர், எனக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

உன் பயணத்தை நான் இரண்டாக வெட்டியிருக்கிறேன். மணல்மேடுகளும் கடற்கரையும் யானைகள் வரும் காய்ந்த ஆறுகளும் முதல் பாதி. எத்தோஷாவும் வடக்கு ஆறுகளும் இரண்டாம் பாதி. போட்ஸ்வானாவை எடுத்துவிட்டேன். இரண்டாம் பாதி உங்களுடையது. முதல் பாதியை எனக்குக் கொடு.

நீ வந்ததும் வண்டியை நான் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். நீ அப்பாவோடு இரு. விருந்தாளியாக இல்லை, என் இடத்தில். கேலம் பலசாலி, தூக்க உதவுவார். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் நீங்கள் வடக்கே போங்கள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், என் விடுப்பு அதற்கும் போதும்.

என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அக்கா, நான் எத்தனை வருஷம் கழித்து வருகிறேன், கேலமுக்கு மணல்மேடுகள்தானே ஆசை என்பாய். நியாயம்தான். நீ அங்கே சும்மா இருக்கவில்லை, வேலை செய்தாய், மாதாமாதம் மருந்துக்கு அனுப்பினாய். உன்மேல் எனக்குக் குறை இல்லை. இருந்தால் இந்த வார்த்தையை எழுதியிருக்கவே மாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு உனக்கு வண்டி கழுவிவைத்திருப்பேன்.

லேனா, எனக்கு யானை வேண்டாம். மணலும் வேண்டாம் என்றால்கூடச் சரிதான். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் என் பேரை யாரும் கூப்பிடக்கூடாது. அதுதான்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

காத்திருக்கும்,
ரீக்கா


செஸ்ரியம் முகாம்,
ஜூலை, வந்த மூன்றாம் நாள் மாலை

அன்புள்ள லேனா,

சுற்றுலா வண்டி ஓட்டும் நம் ஊர் பேர்ந்த் நாளை ரெஹோபோத் வழியாக விண்ட்ஹூக் போகிறான். அவன் கையில் கொடுக்கிறேன். காப்பி கொடுத்து அனுப்பு, நல்ல பையன், வாய்தான் நீளம்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது அப்பா என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். "எறக்கத்துல பிரேக்க நம்பாத, கியர நம்பு" என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கணவாய் உச்சியில் நிறுத்திப் பார்த்தேன். கீழே சமவெளி முடிவே இல்லாமல் கிடந்தது. முதல் கியரில் இறங்கினேன், பாட்டுக்கூடப் போடவில்லை.

உன் குரல் பதிவை முகாம் வாசலில் நின்று கேட்டேன். உன் கையால் கொடுத்த கூழை அவர் துப்பினார் என்று அழுதிருந்தாய். எனக்கும் முதல் மாதமெல்லாம் துப்பினார். சூடு குறைத்து, வாயின் இடது பக்கமாகக் கொடு. விழுங்கினாரா என்று பார்த்து அடுத்த கரண்டி. "ரீக்கா எங்க, ரீக்கா எங்க" என்று கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்காதே. அது கேள்வி இல்லை, பழக்கம். "எப்படிக்கா இத்தன நாளு செஞ்ச?" என்று கேட்டாயே. ஒருநாள் முடிந்தால் மறுநாள் வந்துவிடும், அவ்வளவுதான். கேலமும் அப்பாவும் சேர்ந்து ரக்பி பார்க்கிறார்கள் என்றது மட்டும் சிரிப்பாக இருந்தது. ஒருவருக்கு மொழி தெரியாது, மற்றவருக்கு வாய் வராது. நல்ல ஜோடி.

நான் இன்னும் மணல்மேட்டில் ஏறவில்லை. முதல் நாள் விடியற்காலையில் எல்லா வண்டிகளும் வாசலுக்கு விரைந்தன. அந்தச் சத்தம் கேட்டது, திரும்பிப் படுத்தேன். எழுந்தபோது வெயில் கூடாரத் துணியைச் சுட்டது. முகாமைப் பெருக்கும் அம்மாள் கீழே நின்று, "உசிரோட இருக்கீங்களா, ரெண்டு தடவ வந்து பாத்துட்டேன்" என்றாள். இருக்கேன் என்றேன். அப்புறம் ஏணியில் உட்கார்ந்து அழுதேன், துக்கத்தில் இல்லை. அவள் மர நிழலைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். நேற்றும் தூங்கினேன். இன்றும். பகலில் இறைச்சியைக் கரியில் வாட்டித் தனியாகத் தின்றேன். எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கும் என்றே இதுவரை எனக்குத் தெரியாது.

நாளை குய்செப் பள்ளத்தாக்குப் பக்கமாகக் கடற்கரைக்குக் கிளம்புகிறேன். வழியில் தங்கித் தங்கிப் போவேன். ஸ்வாகோப்முண்ட் சேரும்வரை சிக்னல் இருக்காது. அதனால் இதை இப்போதே எழுதிவிடவேண்டும், பேர்ந்த் காத்திருக்கிறான்.

அந்த நாட்களில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னைத் தேடி யாரையும் அனுப்பாதே. எனக்காக எதையும் தள்ளிப்போடாதே. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள், இடது கையை. அதில்தான் உணர்வு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கா வீட்டிலேயேவா என்று கேட்டால், உனக்குத் தோன்றுவதைச் சொல். அக்கா என்ன செய்திருப்பாள் என்று யோசிக்காதே. நான் திரும்பி வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். இத்தனை வருஷமாக அவரை என் அப்பா, என் அப்பா என்றே நினைத்து வந்திருக்கிறேன். அவர் உன் அப்பாவும்தான், லேனா.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் அந்த வீட்டுக் கூரையின்கீழ் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
ரீக்கா